64 இடம் போதும்: டெல்டாவில் ஒரு சின்ன எல்.ஆர்.யு. கேஷ்

சம்பா அறுவடையில் கொள்முதல் நிலையத்துக்கு நெல் எப்படி வருகிறது என்று கவனித்தவர்களுக்குத் தெரியும், அது ஊர் ஊராகத்தான் வரும். பெல்ட் அறுவடை வண்டி ஓர் ஊருக்குள் இறங்கிவிட்டால் அந்தப் பக்கத்து வயலையெல்லாம் முடித்துவிட்டுத்தான் அடுத்த ஊருக்கு நகரும். வாடகை மணிக்கணக்கில் ஏறுகிறது, ஒற்றை வயலுக்காக வண்டியை இங்கும் அங்கும் இழுக்க யாருக்கும் கட்டுப்படியாகாது. நிலையத்துக்கு வந்த பிறகும் ஒரே விவசாயியின் பதிவு ஒரு தடவை பார்த்ததோடு நிற்பதில்லை. சிட்டா அடங்கல் சரிபார்க்கும்போது ஒருமுறை, ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்கிறதா என்று பார்த்துப் பதியும்போது ஒருமுறை, 40 கிலோ மூட்டைகளின் எண்ணிக்கை எழுதும்போது ஒருமுறை, வங்கிக் கணக்கு விவரம் ஏற்றும்போது ஒருமுறை. அதோடு சரி. அந்தச் சர்வே எண்ணை அடுத்த பருவம் வரை யாரும் கேட்கப்போவதில்லை.

இப்படி ஓர் இடத்தில் நிலப்பதிவைத் தேடித் தரும் சின்ன புரோகிராம் ஒன்றை எழுதுவதாக வைத்துக்கொள்வோம். பதிவு முழுவதும் தொலைவில் ஒரு சர்வரில் இருக்கிறது. நடுவே இருப்பது 4ஜி, மழை மூட்டம் போட்டால் அதுவும் ஒற்றைக் கோடுதான். மேசை மேல் இருப்பது ராஸ்பெர்ரி பை போன்ற உள்ளங்கை அளவு கணினி போர்டு. ஒவ்வொரு முறையும் சர்வரைக் கேட்டால் வரிசை நகராது. சற்று முன் கேட்டதைக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும் (இந்தக் கையிருப்புக்குத்தான் கேஷ் என்று பெயர்), இடம் தீர்ந்தால் எதையாவது வெளியேற்ற வேண்டும். எதை வெளியேற்றுவது என்பதுதான் கேள்வி.

இதற்குச் சரியான விடை 1966-லேயே வந்துவிட்டது. ஐ.பி.எம்.மில் இருந்த லாஸ்லோ பெலாடி எழுதியது அது: எது இனி வெகுநேரம் கழித்துத்தான் தேவைப்படுமோ, அதை வெளியேற்று. இதைவிடச் சிறந்த வழி கிடையாது, ஆனால் அடுத்து என்ன கேட்பார்கள் என்று முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். அது தெரியாத நாம் பின்னால் திரும்பிப் பார்க்கிறோம். வெகுநேரமாக யாரும் தொடாத பதிவை இனியும் தொடமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு அதைத் தள்ளிவிடுகிறோம். எல்.ஆர்.யு. (லீஸ்ட் ரீசன்ட்லி யூஸ்டு) அவ்வளவுதான். அதிகத் தடவை கேட்கப்பட்டதை வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். கொள்முதல் நிலையத்தில் அது காலை வாரும். நேற்று ஏதோ தகராறில் நாற்பது தடவை திறக்கப்பட்ட பதிவு இன்று முழுக்க இடத்தை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

எல்.ஆர்.யு. என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது இன்டர்வியூ விடைதான்: ஒரு ஹேஷ் மேப் (தேடும் எண்ணை, அதாவது சாவியை, கொடுத்தால் பதிவு இருக்கும் இடத்தைச் சொல்லும் அட்டவணை), கூடவே இருபுறமும் இணைத்த லிங்க்டு லிஸ்ட் (ஒவ்வொரு பதிவும் தனக்கு முன்னும் பின்னும் இருப்பதைச் சுட்டும் சங்கிலி). மேப் தேடித் தரும், லிஸ்ட் வரிசையைக் காக்கும், இரண்டும் நிலையான நேரத்தில் முடியும். பைத்தானிலோ ஜாவாவிலோ இதை எழுதினால் குப்பை அள்ள, அதாவது பயன்படாத நினைவகத்தைத் திரும்ப எடுக்க, வேறு ஆள் இருக்கிறார். சி, ஸிக், ரஸ்ட் போன்ற சிஸ்டம்ஸ் மொழிகளில் அந்த ஆள் இல்லை. அங்கே முதலில் தீர்க்க வேண்டியது அளவு. எத்தனை இடம் என்பதைக் கம்பைல் ஆகும்போதே, புரோகிராம் ஓடுவதற்கு முன்பே, கட்டிவிட்டால் மீதி முடிவுகளில் பாதி தானாகவே விழுந்துவிடும். ஹேஷ் மேப்பே கூடத் தேவைப்படாமல் போகலாம்.

ரஸ்டையே எடுத்துக்கொள்வோம். அதில் ஒரு பொருளுக்கு ஓர் உடைமையாளர்தான். இருபுறமும் இணைத்த லிஸ்டில் ஒவ்வொரு கணுவையும் முன்னால் இருப்பதும் பிடித்திருக்கிறது, பின்னால் இருப்பதும் பிடித்திருக்கிறது, போதாக்குறைக்கு ஹேஷ் மேப்பும் பிடித்திருக்கிறது. யார் உடைமையாளர் என்று பாரோ செக்கர் (இந்த விதியைச் சரிபார்க்கும் கம்பைலர் பகுதி) கேட்டால் பதில் கிடையாது. உடைமையைப் பகிர விடும் ஆர்.சி., ரெஃப்செல் போட்டுச் சுற்றிக்கொண்டு போகலாம். ஒவ்வொரு தொடுதலுக்கும் எண்ணிக்கை கூட்டிக் கழிக்கும் செலவும், ஓடும்போது செய்யும் கடன் சோதனையும் கூடவே வரும். இல்லையென்றால் அன்சேஃப் (கம்பைலர் பொறுப்பேற்காத பகுதி) போட்டு வெறும் பாயிண்டர்களில், அதாவது நினைவக முகவரிகளில், இறங்க வேண்டும். பரவலாகப் பயன்படும் எல்.ஆர்.யு. கிரேட் (ரஸ்ட் நூலகம்) அந்த வழியில் போனதுதான். வேகமாக ஓடும், தவறில்லை. ஆனால் 2021 டிசம்பரில் அதன் இட்டரேட்டரில் (பதிவுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் பகுதி) ஓர் ஓட்டை வெளியே வந்தது. இட்டரேட்டர் கொடுத்த ரெஃபரன்சைக் கையில் வைத்துக்கொண்டே 'பாப்' செய்தால், அதாவது பதிவை நீக்கினால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைப் படிக்க முடிந்தது. 0.7.1 பதிப்பில் அடைத்துவிட்டார்கள். கைதேர்ந்தவர்கள் எழுதி, பல பேர் படித்த நூலகத்திலேயே இது நடக்கிறது என்றால், அவசரத்தில் நாம் எழுதும் அன்சேஃப் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இன்னொரு வழி இருக்கிறது. பாயிண்டரே வேண்டாம், அரேயின் (அடுத்தடுத்து அடுக்கிய இடங்கள்) இட எண்ணே இணைப்பாக இருக்கட்டும். சர்வோ உலாவி இன்ஜின் திட்டத்திலிருந்து வந்த யுலுரு என்ற சின்ன கிரேட் இப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பதிவுகள் நிலையான அளவுள்ள ஓர் அரேயில் உட்கார்ந்திருக்கும். ஒவ்வொன்றோடும் 'முன்', 'பின்' என்று இரண்டு 16 பிட் எண்கள். ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் நினைவகம்) எதுவும் கேட்பதில்லை. 2021 மார்ச்சில் ரஸ்ட் 1.51 வந்ததிலிருந்து அளவை டைப்பின் பகுதியாகவே எழுதலாம், ஆகவே 64 இடக் கேஷும் 128 இடக் கேஷும் கம்பைலருக்கு வெவ்வேறு டைப்.

நடப்பதைக் கிட்டத்தில் பார்த்தால் பயம் போய்விடும். நான்கே இடம் உள்ள கேஷ், இடங்களுக்கு 0, 1, 2, 3 என்று எண். 112, 87, 45, 203 என்ற சர்வே எண்கள் இதே வரிசையில் வந்து நிரப்பிவிட்டன. கடைசியாக வந்தது 203, ஆகவே தலை 3-ஆம் இடம். முதலில் வந்த 112 இருக்கும் 0-ஆம் இடம் கடை. சங்கிலி 3, 2, 1, 0. இப்போது 87-ஐக் கேட்கிறார்கள். அது 1-ஆம் இடத்தில் இருக்கிறது. அதைக் கழற்றுகிறோம்: 2-ஆம் இடத்தின் 'பின்' 0 ஆகிறது, 0-ஆம் இடத்தின் 'முன்' 2 ஆகிறது. கழற்றியதைத் தலையில் மாட்டுகிறோம்: 1-இன் 'பின்' 3, 3-இன் 'முன்' 1, தலை 1. சங்கிலி இப்போது 1, 3, 2, 0. அடுத்து 310 வருகிறது, கேஷில் இல்லை. கடையில் நிற்பது 0-ஆம் இடம், அதாவது 112. அந்த விவசாயி எல்லாம் முடித்து வீட்டுக்குப் போயிருப்பார். அவர் பதிவின் மேலேயே 310 எழுதப்படுகிறது, 2 புதிய கடை, 0 புதிய தலை. சங்கிலி 0, 1, 3, 2. இவ்வளவு நடந்தும் இருந்த பதிவு எதுவும் அரேக்குள் இடம் மாறவில்லை. மாறியவை சில இரண்டு பைட் எண்கள் மட்டும். இணைப்பைத் தப்பாக எழுதிவிட்டால்கூட தவறான பதிவு வரும், அல்லது சங்கிலி சுற்றிக்கொண்டே இருக்கும். பிறருடைய நினைவகத்துக்குள் போய் விழாது. அந்த வேறுபாடு பெரிது.

இடமும் மிச்சம். 64 பிட் இயந்திரத்தில் இரண்டு பாயிண்டர் 16 பைட். இங்கே 4 பைட். கிராமக் குறியீடு, சர்வே எண், உட்பிரிவு மூன்றையும் சேர்த்து 8 பைட் சாவியாகவும், பதிவை 48 பைட்டாகவும் வைத்தால் இணைப்போடு 60. கம்பைலர் 8-இன் மடங்காக இழுத்து 64 ஆக்கும். 64 பதிவுக்கு 4,096 பைட். தொடக்கத்திலிருந்து முடிவு வரை இதே அளவுதான், நாள் முழுக்க ஓடினாலும் ஒரு பைட்கூட ஏறாது.

தேடுவது எப்படி? வரிசையாகப் பார்ப்பதுதான். இந்த இடத்தில் பலருக்கு முகம் சுளிக்கும். அது நியாயமில்லை என்பேன். சாவிகளை மட்டும் தனி அரேயாகப் பிரித்து வைத்தால் 64 சாவி 512 பைட். ராஸ்பெர்ரி பை 4-இல் ஒரு கேஷ் லைன், அதாவது பிராசசர் ஒரே தடவையில் எடுக்கும் துண்டு, 64 பைட், ஆகவே மொத்தத் தேடலும் எட்டே லைன். பிராசசருக்குள்ளேயே ஒவ்வொரு கோருக்கும் இருக்கும் 32 கிலோபைட் முதல் நிலை டேட்டா கேஷில் இது ஒரு மூலைக்குக் காணாது. பிராசசருக்குப் பிடித்ததே இப்படி நேராக ஓடும் படிப்புதான். அதே நேரத்தில் ஹேஷ் மேப் முதலில் ஹேஷ் கணக்கிட வேண்டும். ரஸ்டின் வழக்கமான மேப் அதற்கு சிப்ஹேஷ் வைத்திருக்கிறது. யாரோ வேண்டுமென்றே மோதும் சாவிகளை அனுப்பி மேப்பை முடக்கிவிடக்கூடாது என்ற பாதுகாப்புக்காக வைத்தது, எட்டு பைட் சாவிக்கு அது கொஞ்சம் அதிகப்படி. வரிசைத் தேடலின் மோசமான நிலை பதிவு இல்லாமல் போவது, 64-ஐயும் பார்த்தாக வேண்டும். ஆனால் இல்லையென்றால் அடுத்து நடக்கப்போவது 4ஜி வழியாகச் சர்வருக்கு ஒரு பயணம். நூற்றுக்கணக்கான மில்லி நொடி காத்திருக்கப்போகிறவர் அதற்கு முன் ஒரு மைக்ரோ நொடியை மிச்சம் பிடித்து என்ன செய்வார்? சில நூறு இடங்களைத் தாண்டினால் கணக்கு மாறும். ஆயிரக்கணக்கில் போனால் மேப் இல்லாமல் முடியாது. எங்கே மாறுகிறது என்பதைச் சொந்த போர்டில் அளந்துதான் பார்க்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பையைவிடச் சின்னதுக்கு இறங்கினால் இந்த வடிவம் வசதி என்பதைத் தாண்டிக் கட்டாயமாகவே ஆகிவிடும். இ.எஸ்.பி.32 என்ற சின்ன சிப்பில் உள் நினைவகம் 520 கிலோபைட், அதில் வைஃபையும் பங்கு கேட்கும். மாதக்கணக்கில் நிறுத்தாமல் ஓட வேண்டிய கருவியில் கேட்பதும் விடுவதுமாக இருந்தால் ஹீப் துண்டு துண்டாகும். மொத்தத்தில் காலி இருக்கும், கேட்ட அளவுக்குத் தொடர்ச்சியான இடம் இருக்காது. ஆப்பரேட்டிங் சிஸ்டம் இல்லாமல் வெறும் போர்டில் ஓடும் ரஸ்டில் ஸ்டாண்டர்டு ஹேஷ் மேப்பும் கிடையாது. ஆனால் ஓர் எச்சரிக்கை: நான்கு கிலோபைட் அரேயை ஃபங்ஷனுக்குள் லோக்கல் வேரியபிளாக அறிவித்தால் ஸ்டாக் (ஃபங்ஷன்களின் தற்காலிக இடம்) பிய்த்துக்கொள்ளும், ஒரு டாஸ்க்குக்குக் கிடைப்பதே சில கிலோபைட்தான். ஸ்டாடிக்காக, நிரந்தர இடத்தில், வைக்க வேண்டும்.

ரஸ்டுக்குப் புதிதாக வருகிறவர்களைத் திகைக்க வைப்பது இன்னொன்று: கேஷிலிருந்து படிப்பதற்கே மாற்றும் உரிமை வேண்டும். 'கெட்' ஃபங்ஷன் மியூட்டபிள் ரெஃபரன்ஸ் கேட்கும். காரணம் மேலே பார்த்ததுதான், 87-ஐப் படித்ததும் சங்கிலி மாறியது. எல்.ஆர்.யு.வில் ஒவ்வொரு முறை படிப்பதும் எழுதுவதுதான். சி-யில் இது கண்ணில் படாமல் போய்விடும், ரஸ்ட் டைப்பிலேயே முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. இதன் விளைவு ஒரே நேரத்தில் ஓடும் த்ரெட்டுகளில் தெரியும். பலர் படிக்கலாம், எழுதும்போது மட்டும் ஒருவர் என்ற கணக்கில் ஆர்.டபிள்யூ.லாக் போட்டு வைத்தால் அது வீண், எல்லோரும் எழுதுகிறவர்கள்தான். ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் விடும் மியூடெக்ஸ் போதும். நெரிசல் கூடினால் சாவியைப் பொறுத்துக் கேஷை நான்கைந்தாகப் பிரித்து ஒவ்வொன்றுக்கும் தனிப் பூட்டு போடலாம். போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸ் இந்தத் தலைவலியால்தான் சங்கிலியை வைத்துக்கொள்வதில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு சின்ன எண் வைத்து, முள் சுற்றுவதுபோல் சுற்றி வந்து அதைக் குறைத்துக்கொண்டே, சுழியில் நிற்பதை எடுக்கிறது. தரவை நினைவகத்திலேயே வைக்கும் ரெடிஸ் சங்கிலியே இல்லாமல் வழக்கமாக ஐந்து சாவியைக் குத்துமதிப்பாக எடுத்து, அதில் பழையதைத் தள்ளுகிறது. இரண்டுமே தோராயமான எல்.ஆர்.யு.தான், ஊர் முழுக்க ஓடிக்கொண்டிருக்கிறது.

வெளியேறுவது எங்கே போகிறது என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சர்வரில் இருப்பதன் நகல் என்றால் போகட்டும். சர்வருக்கு இன்னும் ஏற்றாத மூட்டைக் கணக்கு அந்தப் பதிவில் ஒட்டிக்கொண்டிருந்தால்? அந்த எல்.ஆர்.யு. கிரேட்டில் 'புட்' என்று போட்டால் இடத்துக்காக வெளியேறுவது சத்தமில்லாமல் அழிந்துவிடும். 'புஷ்' என்று போட்டால் வெளியேறியது கைக்குத் திரும்பி வரும். யுலுருவின் 'இன்செர்ட்'டும் திருப்பித் தரும். பணம் சம்பந்தப்பட்ட எதையும் கேஷில் மட்டும் வைக்கவே கூடாது என்பது என் கட்சி. வைத்துத்தான் ஆக வேண்டும் என்றால் திருப்பித் தருவதை வாங்கிச் சேமிக்கும் வரி அதே இடத்தில் இருக்க வேண்டும்.

இனி எல்.ஆர்.யு. முழுசாகத் தோற்கும் இடம். வெண்ணாறு நீடாமங்கலத்தருகே மூணாறு தலைப்பில் வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று பிரிகிறது. அதன் கீழே மதகு மதகாக நீர்மட்ட உணரிகள் வைத்து, ஒரு போர்டு அவற்றை ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்டு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். மட்டத்தை வைத்து எத்தனை கன அடி போகிறது என்று சொல்ல ஒவ்வொரு மதகுக்கும் தனி அட்டவணை வேண்டும். அட்டவணைகள் எஸ்.டி. கார்டில், சமீபத்தியவை 32 இடக் கேஷில். மதகுகள் 33. முதல் சுற்றில் 33-ஆவது மதகு வந்ததும் வெளியேறுவது 1-ஆவது, அடுத்து கேட்கப்போவதும் அதேதான். அதைக் கொண்டுவர 2-ஆவதைத் தள்ள வேண்டும், அடுத்த கேள்வி 2-ஆவது. இப்படியே போகும். 32 இடமும் எப்போதும் நிறைந்திருக்கும், ஒரு தடவைகூடப் பயன்படாது. பெலாடியின் முறைக்கு இதே வரிசையைக் கொடுத்தால் 32 கேள்விக்கு ஒரு தடவைதான் கார்டைத் தொடும். முறைப்பாசனம்போல் வட்டமாகச் சுற்றும் எந்தக் கேள்வி வரிசைக்கும் இதே கதிதான்.

இதைவிட மோசமாகாது என்பதையும் நிறுவியிருக்கிறார்கள். 1985-இல் டேனியல் ஸ்லேட்டரும் ராபர்ட் டார்ஜனும் காட்டினார்கள்: சம இடம் கொடுத்தால், எதிர்காலம் தெரிந்த முறை தவறவிடுவதைப்போல் இட எண்ணிக்கை மடங்குக்கு மேல் எல்.ஆர்.யு. தவறவிடாது. 33 மதகு உதாரணம் சரியாக அந்த எல்லையில் நிற்கிறது. எல்.ஆர்.யு.வுக்கு இரண்டு மடங்கு இடம் கொடுத்தால் வித்தியாசம் ஏறத்தாழ இரண்டு மடங்குக்குள் அடங்கிவிடும். புத்திசாலி விதிகளைத் தேடி அலைவதற்கு முன் இடத்தை இரட்டிப்பாக்கிப் பார்ப்பது பல நேரம் மலிவு. மதகு விஷயத்தில் கேஷே வேண்டாம். 33 இடமுள்ள அரே, மதகு எண்ணே இட எண், முடிந்தது.

இதன் தம்பி கொள்முதல் நிலையத்திலேயே இருக்கிறான். சாயங்காலம் அன்றைய பதிவுகளையெல்லாம் மேலிருந்து கீழ்வரை ஓட்டி அறிக்கை எடுப்பார்கள். ஒவ்வொன்றையும் ஒரே தடவை தொடும் அந்த ஓட்டம், வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருப்பவர்களின் பதிவையெல்லாம் துடைத்துவிடும். பெரிய டேட்டாபேஸ்களுக்கும் இதே தொல்லை. மைஎஸ்கியூஎல்லின் இன்னோடிபி புதிதாக வரும் பக்கத்தைத் தலையில் வைக்காமல், கடையிலிருந்து எட்டில் மூன்று பங்கு தள்ளிய இடத்தில் வைக்கிறது, மறுபடி தொட்டால்தான் மேலே ஏற்றும். போஸ்ட்கிரஸ் பெரிய டேபிளை முழுசாக ஓட்டும்போது சின்னத் தனி வளையத்துக்குள் அதை அடைத்துவிடுகிறது. நமக்கு அவ்வளவு வேண்டாம். அறிக்கை எடுக்கும் பகுதி 'கெட்' கேட்காமல் 'பீக்' கேட்கட்டும், அது வரிசையைக் கலைக்காமல் எட்டிப் பார்க்கும். கேஷில் இல்லாததை நேரே சர்வரில் எடுத்துக்கொண்டு, கேஷுக்குள் வைக்காமல் விட்டுவிடட்டும்.

பழசு விஷயத்தில் எல்.ஆர்.யு.வுக்கு ஒரு குருட்டுப் புள்ளி உண்டு. யாரும் கேட்காதது தானாக வெளியேறும், திரும்ப வரும்போது புதிதாக வரும். ஓயாமல் கேட்கப்படுவது வெளியேறவே வெளியேறாது, ஆகவே அதுதான் வெகுநாள் பழசாகவே கிடக்கும். பட்டா மாறினாலும் கேஷுக்குத் தெரியாது. பதிவோடு நான்கு பைட் நேரம் சேர்த்து, குறிப்பிட்ட மணி கடந்தால் இல்லாததாகக் கருதுவது தனி வேலை, அளவு கட்டிய 64 பைட்டில் அதற்கு இடமும் இருக்கிறது.

கடைசியாக, 64 என்ற எண் எங்கிருந்து வந்தது? ஊகித்துப் போட வேண்டியதில்லை. 1970-இல் ஐ.பி.எம்.மின் மாட்சனும் மூவரும் கொடுத்த வழி எல்.ஆர்.யு.வின் ஒரு நல்ல குணத்தைப் பிடித்துக்கொள்கிறது. பெரிய கேஷில் இருப்பதில் சின்னக் கேஷில் இருப்பது எப்போதும் அடங்கியிருக்கும். ஒருநாள் கேள்விகளை லாக்கில் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு சாவி மறுபடி வரும்போதெல்லாம், போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவே எத்தனை வேறு வேறு சாவிகள் வந்தன என்று எண்ணுங்கள். 20 என்றால் 21 இடமாவது உள்ள கேஷில் அது கிடைத்திருக்கும், 20 இடத்தில் கிடைத்திருக்காது. எல்லாக் கேள்விக்கும் இந்த எண்ணை எழுதி அடுக்கினால், ஒரே ஓட்டத்தில் எந்த அளவுக்கு எத்தனை சதவீதம் கிடைக்கும் என்ற முழு வளைகோடும் கையில். எங்கே வளைவு படுத்துவிடுகிறதோ அதற்குச் சற்று மேலே நிறுத்தலாம். லாக்கை சம்பா, தாளடி நெல் குவியும் தை, மாசியில் எடுக்க வேண்டும். குறுவைக்குப் பரப்பு குறைவு, வரிசையும் குட்டை. அதில் கிடைக்கும் எண்ணை நம்பினால் பொங்கலுக்குப் பிறகு கேஷ் நாள் முழுக்கத் தள்ளிக்கொண்டேதான் இருக்கும்.